ஏரிக்கரை விளக்கில் தனபால்

1999 தை மாதம் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் புதிதாக நிறுத்திய விளக்குச் சிற்பத்தில், காணாமல் போன தனபால் தெரிந்தான். கம்பியிலும் பல்புகளிலும் அதைச் செய்தவர், ஒரு பக்கம் மான், மறுபக்கம் மயில் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் சுற்றுலா வந்த ஈரோட்டுக்காரர்களுக்குக்கூட மடித்துக் கட்டிய லுங்கியோடு ஓர் ஆள்தான் தெரிந்தான். கிழங்கு லாரியை மலையிலிருந்து இறக்கிச் சென்ற தனபால், ஜவ்வரிசி ஆலையில் லோடை இறக்கிவிட்டுத் திரும்பாமலே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

படகுத்துறையில் டீக்கடை வைத்திருந்த அவன் தாய் காளியாத்தாளுக்கு முகம் தெரிந்தது. ரோட்டோரம் அன்னாசி நறுக்கி விற்ற மனைவி ஹேமலதாவுக்கு முதுகு தெரிந்தது.

“எம் பையன் வாரான் கண்ணு!”

“இல்லீங்க அத்தை, போறாரு.”

ஹேமலதா படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தாள், வந்துகொண்டிருந்தான். மாமியாரை ரோட்டுக்கு அழைத்து வந்தாள், போய்க்கொண்டிருந்தான். காளியாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பேளுக்குறிச்சியில் வேறு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த ஹேமலதாவின் அண்ணன், அந்த விளக்கை அணைத்தால்தான் தங்கைக்கு மனம் தெளியும் என்று, எலக்ட்ரிக் கடை ஹபீப் ரஹ்மானை மலைக்குக் கூட்டிவந்தார். ஹபீப் வேலையை முடித்த பிறகும் விளக்கு எரிந்தது. அவர் தலையைச் சொறிந்தார். “ஒயரைக் கழட்டிட்டனுங்க. அவருதான் போகமாட்டேங்கறாரு.”

ஹேமலதா சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கொய்யாமரத்தடியில் ஓரிடத்திலிருந்து பார்த்தால் தனபால் வரவும் இல்லை, போகவும் இல்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தான். அன்னாசி வண்டியை அங்கே தள்ளி நிறுத்திக்கொண்டாள். “நான் வரலீங்கண்ணா. நிக்கற மனுசனை உட்டுட்டு எப்படி வாரது?” என்றாள். அண்ணன் கீழே இறங்கிப் போனார். அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

2002 ஆடியில் தனபால் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆலை வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இத்தனை வருடமும் நின்றுவிட்டதாகச் சொன்னான். காளியாத்தாள் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஹேமலதா தொடவில்லை.

“வந்துட்டீங்களா, திரும்பப் போறீங்களா?”

“தெரியலியே ஹேமா.”

அவள் கத்தியையும் ஓர் அன்னாசியையும் அவனிடம் நீட்டினாள். “தெரியற வரைக்கும் இதை நறுக்குங்க.”

அவன் தோலைச் சீவத் தொடங்கினான். இருட்டியதும் ஒயர் இல்லாத விளக்கு வழக்கம்போல எரிந்தது. பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: “ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.”

தனபால் பழத்தோடு தள்ளி நின்றுகொண்டான்.