எட்டுக் கஜக் கோடு

1984ஆம் ஆண்டு லீக்கில், பாலத்தடித் தோட்டத்துத் திடலில் கடைசி ஆட்டத்தின் எண்பத்தோராவது நிமிடம் வரை ஒரு கோல்கூட விழவில்லை. இரண்டு பக்கமும் கோல் கம்பங்களுக்கு நடுவே தோட்டத்துத் தொழிலாளி சன்னாசி போட்டிருந்த எட்டுக் கஜச் சுண்ணாம்புக் கோட்டைப் பந்து தாண்டாது, அவ்வளவுதான் விஷயம். சுவரில் மோதித் திரும்புவது மாதிரியும் இல்லை, சத்தமும் கிடையாது. தலை உயரத்தில் பறந்து வந்த பந்தும் கோட்டுக்கு நேரே வந்ததும் அலுத்துப்போய்க் கீழே விழும். பந்து என்றில்லை, உருண்டு வருகிற எதுவும் நின்றுவிடும். புல் வெட்டுகிறவன் சைக்கிளை அந்த இடத்தில் தூக்கித்தான் அப்பால் வைப்பான். கோழி தாண்டும், நாய் தாண்டும், கோல்கீப்பர் தாண்டுவான். மற்றக் கோடுகளில் ஒரு வம்பும் இல்லை. த்ரோ உண்டு, கார்னர் உண்டு. லீக்கிலிருந்து ஓர் அதிகாரி வந்து டேப் பிடித்து அளந்தார். கோடு வெள்ளையாக இருக்கவேண்டும், ஐந்து அங்குலத்துக்கு மேல் அகலம் கூடாது என்றுதான் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதைப் பந்து தாண்டியே ஆகவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

பாலத்தடி, கோல சிலாங்கூர்ப் பக்கம் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து ஆற்றை ஒட்டி உள்ளே போனால் வருகிற ரப்பர் தோட்டம். புதுக் கன்று நடும்போது கயிறு பிடித்து, எந்தக் கன்று எங்கே என்று கம்பு அடித்துக் குறிப்பது அங்கே சன்னாசியின் வேலை. அவர் கயிறு கோணியதாக, வேலை வாங்குகிற எந்த மண்டோரும் சொன்னதில்லை. அதனாலேயே திடலுக்குக் கோடு போடுகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. முந்தின வருஷம் தோட்டத்துக் குழு சொந்தத் திடலிலேயே பதினொன்றுக்குச் சுழியம் என்று தோற்று, முதல் டிவிஷனிலிருந்து கீழே விழாமல் மயிரிழையில் தப்பித்தது. மறுநாள் காலையில் பெரியதுரை எல்லாரையும் ஆபீசுக்கு முன்னால் நிற்கவைத்துச் சொன்னார்: குழு முதல் டிவிஷனில் இருக்கிறவரைக்கும் திடல் இருக்கும், கீழே விழுந்தால் அந்த இடத்தில் செம்பனை நடப்படும். ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை வைக்கிற காலம் அது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வைத்தார்கள்.

சன்னாசியை உலுக்கியது துரை சொன்னதல்ல. அவருடைய மகன் வீரன் அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியிடம் சொன்னதுதான். புஷ்பவள்ளிதான் குழுவின் ஜெர்சிகளைத் துவைத்துக் காயப்போடுகிறவள். "திடலும் போச்சுன்னா இந்த லயத்துல எனக்கு என்னக்கா இருக்கு? ராவாங் ஃபேக்டரியில ஆள் எடுக்குறான் லா. நான் போயிருவேன்" என்றான். அப்பா நான்கு அடி தள்ளி வாசலில் உட்கார்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பா இருக்கிறாரே என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அவன் அம்மா லீலாவதி காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். பதின்மூன்று வருஷம் சமைத்துப் போட்ட மனுஷருக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்! தேநீரை அப்படியே கொட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

புது வருஷத்து முதல் ஆட்டத்துக்கு மற்றக் கோடுகளை எப்போதும்போல் ஓட்டை போட்ட பால் டின்னால் இழுத்துவிட்டு, கோல் கம்பங்களுக்கு நடுவில் மட்டும் குந்தி உட்கார்ந்து, நுனி தட்டிய தென்னை மட்டையால் விரற்கடை விரற்கடையாகப் போட்டார். போடும்போது என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று எதிராளி அடித்த பதினான்கு பந்துகளும் கோட்டில் வந்து படுத்துக்கொண்டன. முதலில் கோல்கீப்பர் சேதுவைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றினார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு அப்புறம் முனியாண்டிக்கு ஆடு வெட்டினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் சேதுவுக்குக் காலில் சுளுக்கு. கோலில் ஆளே இல்லாத நேரத்தில் வந்த பந்தும் கோட்டில் நின்றபோதுதான், காரியம் சேதுவிடமும் இல்லை, முனியாண்டியிடமும் இல்லை என்று எல்லாருக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு சேதுவை யாரும் தூக்கவில்லை. மழை பெய்தாலும் அந்தக் கோடு கரையவில்லை. விளையாட்டுப் பையன்கள் இருவர் தேய்த்துப் பார்த்தார்கள், கைதான் எரிந்தது.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. கோட்டுக்கு நம் ஆள், அடுத்த ஆள் என்ற பேதம் கிடையாது. அவர்கள் பந்தும் போகாது, நம்முடையதும் போகாது. சொந்தத் திடலில் நடந்ததெல்லாம் சுழியத்துக்குச் சுழியம், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. வெளித் திடல்களில் சாதாரணக் கோடுதானே! அங்கே பதினொரு பேரும் கோலுக்கு முன்னால் நின்று மறித்தும் நாலு கோல் ஐந்து கோல் என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். அங்கெல்லாம் பந்து வீரனின் காலுக்கு வந்துசேர்வதே அபூர்வம். வீரன் முன்வரிசை ஆட்டக்காரன், இடது கால்காரன். அந்த வட்டாரத்தில் அவன் அடிக்கு ஈடாக அடிக்க இன்னொருத்தன் இல்லை என்று எதிர்க் குழுவான செகிஞ்சான் சீனர்களே சொல்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு அந்த வருஷம் முழுக்க ஒரு கோல் இல்லை. "பந்துக்கு உன்னப் புடிக்கலடா வீரா" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கிண்டல் பண்ணின. அவன் சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

மே மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். ஏதோ ஒரு பேங்க் நடத்துகிற குழுவுக்கு ஆள் பார்க்கிறவர். நல்ல ஆட்டக்காரனுக்கு அந்த பேங்கிலேயே வேலையும் கொடுப்பார்களாம். வீரன் அன்று ஒன்பது தடவை அடித்தான். ஒன்பதும் கோட்டில் படுத்தன. வந்தவர் கையில் இருந்த தாளில் ஒரு பெயரைக் கோடு கிழித்து அடித்துவிட்டுக் கிளம்பினார். ஓரத்தில் நின்ற சன்னாசி அதைப் பார்த்தார். வீரனின் கோல்களும் சேர்த்துத்தான் அந்த எட்டுக் கஜத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. உறைத்த பிறகு என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளை மிதித்துக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கிவந்து குழம்பு வைத்தார். தீபாவளியா பொங்கலா, என்ன விசேஷம் என்று புஷ்பவள்ளி கேட்டதற்கு, சும்மாதான் என்றார். வீரன் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போனான். அடுத்த ஆட்டத்துக்கும் சன்னாசி குந்தி உட்கார்ந்து கோட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசினார்.

பதின்மூன்று ஆட்டம் முடிந்தபோது பாலத்தடி கடைசி இடத்தில் இருந்தது. மிச்சம் இருந்த ஒரே ஆட்டம் செகிஞ்சானோடு, சொந்தத் திடலில். ஜெயித்தால் தப்பிக்கலாம். சமன் செய்தால் இரண்டாம் டிவிஷன், திடலில் செம்பனை. குழுத் தலைவர் ஜக்கரியா, கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், அன்று மத்தியானமே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு சன்னாசி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, நம்ம கோட்டாலதான் இது வரைக்கும் தாக்குப்புடிச்சோம், இல்லேங்கல. இன்னைக்கு ஒரு கோல் வேணும். அழிச்சுடுங்கண்ணே."

"அழிச்சா செகிஞ்சான் பயலுவ ஆறு போடுவானுங்க பாய்."

"ரெண்டு பக்கமும் யாரு அழிக்கச் சொன்னா? பாதி ஆட்டம் முடிஞ்சு சைடு மாறுவோம்ல, அப்ப அவனுங்க நிக்கிற பக்கத்த மட்டும் அழிங்க. உங்க கைக்குத்தான் அது அழியும். ஒரு வருஷமா வீரனும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுறான், பாவம் லா."

"பாக்குறேன் பாய்" என்றார் சன்னாசி. பாய் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றார். கோட்டை வைத்திருந்தால் திடல் போகும், திடலோடு மகனும் ராவாங்குக்குப் போவான். அழித்தால் மகன் கோல் போடுவான், கோல் போட்டால் கோலாலம்பூர்க்காரன் அள்ளிக்கொண்டு போவான். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் லயத்து வீட்டில் ஒரு தட்டுதான் மிஞ்சியது. ஒரே ஓர் ஓட்டை இருந்தது: குழு ஜெயிக்கவேண்டும், ஆனால் அந்தக் கோலை வீரன் போடக்கூடாது. வேறு எவனாவது போடட்டும். அப்படி நடக்கவேண்டும் என்று அந்த மனுஷர் சாமி கும்பிட்டார், முனியாண்டியிடமே.

முதல் பாதி வழக்கம்போல் சுழியம். கோலாலம்பூர்க்காரர் அன்றும் வந்திருந்தார், செகிஞ்சான் பையன் ஒருவனைப் பார்க்க. ஓய்வு நேரத்தில் எல்லாரும் ஆரஞ்சுச் சுளை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது சன்னாசி, இரண்டாம் பாதியில் செகிஞ்சான் காக்கப்போகிற ஆற்றுப் பக்கத்துக் கோலுக்கு நடந்தார். திடல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு, கோலுக்குப் பின்னால் வாய்க்கால். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் கோட்டைத் தொட்டார். மழைக்குக் கரையாத கோடு அடுப்புச் சாம்பல் மாதிரி போயிற்று. எட்டுக் கஜத்தையும் அழிக்க அரை நிமிடம் போதும். அவரோ இடது கம்பத்தை ஒட்டி ஒரு பந்து போகிற அகலத்துக்கு மட்டும் அழித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கேட்டதைக் கொடுத்தாயிற்று, அது யார் கண்ணிலும் படாமல் போனால் அவர் என்ன செய்வார்? ரெப்ரி வந்து பார்த்தார். ஒரு பந்து அகலத்துக்குக் கோடு விட்டுப்போனால் ஆட்டத்தை நிறுத்தவேண்டுமா என்று புத்தகத்தில் இல்லை. விசில் ஊதினார்.

அவர் போய் வந்ததைப் பார்த்த பாலத்தடிக்காரர்கள், கோட்டின் பலம் முழுக்கப் போயிற்று என்று நம்பிக் கண்டபடி அடித்தார்கள், எல்லாம் பழையபடி கோட்டில் படுத்தன. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எண்பதாவது நிமிடத்தில் த்ரோ எடுக்க வீரன் ஓரத்துக்கு வந்தான். அப்பா அங்கேதான் நின்றார். பந்தை எடுக்கக் குனிந்தவன் அவருடைய கால் கட்டைவிரல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தான். நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு தூரத்துக் கோல் வாயைப் பார்த்தான்; இடது கம்பத்தடியில் மட்டும் வெள்ளை விட்டுப்போயிருந்தது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார், ஆனால் நேரம் கடந்துவிட்டது. அடுத்த நிமிடம் இருபத்தைந்து கஜத்திலிருந்து இடது காலால் ஒன்று விட்டான். பந்து புல்லை ஒட்டியே போய், இடது கம்பத்தை உரசி, அந்த ஒரு பந்து அகலத்து இடைவெளி வழியாக உள்ளே போய் வலையைத் தூக்கிற்று. திடல் முழுக்கக் கத்தியது. வீரன் கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தபடி நின்றான்.

ஆட்டம் முடிந்து கோலாலம்பூர்க்காரர் வீரனின் தோளில் கை போட்டுப் பேசிவிட்டுப் போன பிறகு, அவன் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்தான்.

"முன்னாடியே செஞ்சிருக்கலாம்லப்பா. ஒரு வருஷம்ப்பா."

"திடல் இருக்கணுமேன்னு பாத்தேன்டா."

நீ இருக்கணுமேன்னு பார்த்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். குனிந்து அடுத்த முடிச்சை அவிழ்த்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாத மனுஷருக்குத்தான் கோடு வாய்த்தது.

ஜனவரியில் ஒரு காலை வீரன் பெட்டியோடு கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினான். அதற்கு முன்பே சன்னாசி சுண்ணாம்பு டின்னோடு தோட்டத்து வாசலில் போய்க் குந்தியிருந்தார். பஸ் சக்கரமும் உருள்கிறதுதானே! ரோட்டுக்குக் குறுக்கே நாலு கஜம் போட்டால் போதும். மட்டையை டின்னில் முக்கியும் விட்டார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வீரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா, வேணாம்ப்பா" என்று மட்டும் சொன்னான். அவர் எழுந்து டின்னை அப்படியே ரோட்டோர வாய்க்காலில் கவிழ்த்தார். பஸ் வந்தது, ஏற்றிக்கொண்டது, போயிற்று.

அடுத்த வருஷம் லீக்கில் குழுக்கள் குறைந்துபோய் டிவிஷன்களை ஒன்றாக்கினார்கள். முதல் டிவிஷன் என்று ஒன்றே இல்லாமல் போனது. பெரியதுரை வாக்குத் தவறவில்லை என்றுதான் சொல்லவேண்டும், முதல் டிவிஷனில் இருக்கிறவரைக்கும் என்றுதானே சொன்னார்! 1986இல் திடலில் செம்பனை நட்டார்கள். கயிறு பிடித்துக் கம்பு அடித்தவர் சன்னாசிதான், ஒரு கம்புகூடக் கோணவில்லை. டிராக்டர் அந்த எட்டுக் கஜத்தில் நின்றது, ஓட்டுநர் சலித்துக்கொண்டு சுற்றிப் போனான். சன்னாசி நினைத்திருந்தால் திடலைச் சுற்றியும் போட்டிருக்கலாம். யாருக்காகப் போடுவது? வீரன் பேங்குக்கு இரண்டு பருவம் ஆடி, முழங்கால் உடைந்து, அங்கேயே பழைய ஃபைல் அடுக்குகிற வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கொண்டான். 1988 தீபாவளிக்கு ஒரு நாள் வந்தான். செம்பனைகளுக்கு நடுவே நொண்டி நொண்டிப் போய் ஆற்றுப் பக்கத்துக் கோட்டைத் தேடினான். அது வெள்ளையாக அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில் தன் சப்பாத்துக் காலை வைத்துப் பார்த்தான். "இவ்ளோ சின்னதாவாப்பா விட்டீங்க?" என்று சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் அவன் போய்விட்டான்.

மறு வருஷம் செம்பனை நன்றாகக் காய்த்தது. குலையிலிருந்து உதிர்கிற பழங்கள் மழையில் சாய்வுப் பக்கமாக உருண்டுபோய், எட்டுக் கஜத்துக்கும் சிவப்பாகக் குவிந்து நின்றன. பழம் பொறுக்கும் பெண்களுக்கு வேலை மிச்சம். இடது ஓரத்தில் மட்டும் ஒரு பந்து அகலத்து வழியாக உருண்டு வாய்க்காலில் விழுந்தன. சன்னாசி அந்த இடத்தை அடைக்க வந்தார், ஒரு தடவையல்ல, ஏழெட்டுத் தடவை. குந்தி உட்கார்ந்து பூசுவார், எழுந்திருப்பதற்குள் வெள்ளை மறைந்துவிடும்.

"ஏண்ணே கெடந்து அல்லாடுறீங்க? அதான் நிக்க மாட்டேங்குதே" என்றாள் புஷ்பவள்ளி. அவளும் அப்போது பழம் பொறுக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"ஒரு பந்து அளவுதானே புஷ்பா அழிச்சேன்" என்றார் அவர். "அவ்வளவுலயே போயிட்டான்."

அதற்குப் பிறகு அவர் சுண்ணாம்பு கொண்டுவரவில்லை. பெண்கள் அந்த இடைவெளிக்கு நேரே ஒரு கூடையை வைத்துவிட்டு மற்ற வரிசைகளைப் பார்க்கப் போவார்கள். திரும்பி வரும்போது கூடை நிறைந்திருக்கும்.