முள் இல்லாத மீன் குழம்பு

என் மகள் அனிஷா ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் வீட்டு அடுப்படி தெருவுக்கு வந்துவிடும். மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். குற்றம் அவளுடையது அல்ல. அப்படிப் பழக்கிவிட்டதே நான்தான்.

நான் அமலராணி. விருத்தாசலத்தில் பொம்மையும் கோப்பையும் செய்கிற ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறேன். என் வீட்டுக்காரர் சார்லஸ் அங்கேயே சூளையில் சரக்கு அடுக்குகிறார். சூளைக்குள் கோணிப்போன தட்டுகளையும் விளிம்பு நெளிந்த கோப்பைகளையும் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அவை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு தட்டு மாதிரி இன்னொரு தட்டு இருக்காது. ரசம் ஊற்றினால் ஒரு பக்கமாக ஓடும். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் சோற்றால் வரப்பு கட்டிச் சாப்பிடத் தேறிவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை ஒப்பேற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஒரு முட்டையை அடித்துக் கொதிக்கிற குழம்பில் நூல் மாதிரி விட்டால் நாலு பேருக்கும் முட்டைக் குழம்பு. முருங்கைக்கீரைக்குப் பக்கத்து வீட்டு அன்புக்கரசியின் மரம் இருக்கிறது. மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வறுத்து அரைத்தால் சட்னி, அரைக்காமல் விட்டால் பிள்ளைகளுக்குத் தின்பண்டம். மாதக் கடைசியில் மீன் குழம்பு வைப்பேன், மீன் இல்லாமல். வாழைக்காயைக் கனமாக வில்லை போட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்து, புளிக்குழம்பில் போட்டு இறக்கினால், தெருப் பூனை வாசலில் வந்து உட்காரும். ஒரு துண்டு போட்ட பிறகுதான் அதற்கு விஷயம் தெரியும்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். அதில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. சின்ன வயதில் நாங்கள் மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுச் சோற்றில் கை வைப்போம். என்ன சொன்னோம் என்று எங்களுக்கே தெரியாது. என் பிள்ளைகள் அப்படி இருக்கக் கூடாது என்று எனக்கு வைராக்கியம். அதனால் 'அருள் நிறைந்த மரியே' முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்றைக்கு மனதில் இருக்கிற ஒன்றைச் சொந்த வார்த்தையில் ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். மற்ற மூன்று பேரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். கோயிலில் சொல்கிற அதே பதில்தான்.

பெரியவன் சாவியோவைக் கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றியது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. சார்லஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டதும், அனிஷா பக்கத்து பெஞ்சுக்காரியோடு காய் விட்டதும் அப்படித்தான். நேரில் கேட்டால் வாய் திறக்காத ஆட்கள், தட்டுக்கு முன்னால் கண்ணை மூடினால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பங்குக் கோயிலில் அன்பியம் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற பதினைந்து குடும்பங்கள் மாதம் ஒரு முறை, முறை வைத்து, ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். ஜெபம் முடிந்தால் டீயும் பிஸ்கட்டும் என்றுதான் ஆரம்பித்தது. யாரோ சுண்டல் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் போண்டா. ஜூன் மாதம் அன்பியத் தலைவி ரீட்டா அக்கா வீட்டில் முந்திரி மிதக்கிற கேசரி, இடியாப்பம், கோழிக் குருமா. ஜூலையில் பிலோமின்ராஜ் அண்ணன் வீடு. ஆகஸ்டில் எங்கள் வீடு.

நான் பிரியாணி போடுவதென்று முடிவு கட்டினேன்.

"டீ போட்டா போதாதா?" என்றார் சார்லஸ்.

"நீங்க சும்மா இருங்க. குருமா சாப்பிட்டுட்டு வந்த வாயிக்கு டீயக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அன்றிலிருந்து வீட்டில் முட்டை நின்றது. பால் தண்ணீரானது. ராத்திரிக்குக் கஞ்சியும் துவையலும். ஒன்றரை மாதம்தானே, பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு தவக்காலம் என்று நானே சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

பிலோமின்ராஜ் அண்ணன் வீட்டில் பாட்டு, வாசகம் எல்லாம் முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. ரீட்டா அக்கா என் பக்கம் திரும்பினார்கள். "புள்ளைங்க யாராவது சொல்லுங்க. அமலா பசங்க சொந்தமா சொல்லுவாங்களாமே, கேப்போம்." நான் அனிஷாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி முன்னால் தள்ளினேன். அவள் கையைக் குவித்துக் கண்ணை இறுக மூடினாள்.

"ஆண்டவரே, எங்க வூட்ல ஆகஸ்டு மாசம் அன்பியம் வருது. ரீட்டா பெரிம்மா குருமாவ விட ஒசத்தியா இருக்கணும்னு எங்கம்மா பிரியாணி போடப்போறாங்க. அதுக்காக எங்களுக்கு முட்டைய நிறுத்திட்டாங்க. கஞ்சி குடிச்சி குடிச்சி அண்ணனுக்கு வாயே செத்துப்போச்சி. பிரியாணி நல்லா வரணும்னும், சீக்கிரமா முடிஞ்சி எங்களுக்கு முட்டை வரணும்னும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பதில் சொல்லிப் பழகின வாய் யோசிக்குமா? முப்பது பேரும் கணீரென்று, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். ரீட்டா அக்காவும் சேர்ந்துதான் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சார்லஸ் போன் வந்தது போல வெளியே போய்விட்டார், அவர் போன் என் பைக்குள் இருந்தது. எனக்கு அந்த வீட்டுத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் அனிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சொன்னேனாம்மா?" என்று கேட்டாள்.

"வூட்டு விஷயத்த வெளிய சொல்லுவியாடி? மானம் போச்சு!"

"நான் ஆண்டவருகிட்டதான சொன்னேன்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். 'திருத்தந்தையும் ஆயர்களும் குருக்களும் உமது வழியில் நடந்திட வரமருள வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.' இனிமேல் எங்கே கேட்டாலும் இதுதான், வீட்டிலும் இதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நல்ல மன்றாட்டுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்று வாரம் எங்கள் வீட்டில் திருத்தந்தைக்காக அப்படி ஒரு ஜெபம் நடந்தது. அனிஷா சீட்டைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாம் நாளே சாவியோவும் அதைப் பாடமாக்கிக்கொண்டான், சுலபமாக இருக்கிறதாம். ஜெபம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிள்ளைகள் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

"அமலா, நம்ம வூட்டு சாப்பாட்டுல என்னமோ கொறையுது" என்றார் சார்லஸ்.

"உப்பா?"

"உப்பு சரியாத்தான் இருக்குது."

ஆகஸ்ட் பிறந்தது. அன்பியத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீரை பறிக்கப் போன என்னிடம் அன்புக்கரசி கேட்டாள்: "யக்கா, பாப்பா ஏன் செருப்பில்லாம ஸ்கூலுக்குப் போவுது? மத்தியானம் வரும்போது பாக்கணும் நீங்க. அந்தத் தார் ரோட்ல நெழலு நெழலா பாத்து ஓடுது. நாலு நாளா பாக்கறேன்."

நான் ஏழரைக்கே கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறவள். எனக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலம் அனிஷாவை உட்கார வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தேன். பாதம் சிவந்து, பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு கேரிபேக்கில் சுற்றி வார் அறுந்த செருப்பை ஒளித்து வைத்திருந்தாள்.

"ஏண்டி சொல்லல?"

"செருப்பு வாங்கினா பிரியாணிக்கு பத்தாதுல்ல."

"அதுக்காக? ஜெபத்துலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "சீட்டுல அது இல்லையேம்மா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் காலை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதேன். என் பிள்ளை ஆண்டவரிடம் பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. என்னிடம் பேசுவதையும் சேர்த்துத்தான். பிள்ளைகள் மனதிலிருந்து ஜெபிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட நானே, ஒரு குருமாவுக்காக அந்த வாயை அடைத்திருந்தேன்.

மறுநாள் கடைவீதியில் செருப்பு வாங்கினேன், கூடவே முட்டையும். பிரியாணி கதை அத்தோடு முடிந்தது. அன்று ராத்திரி சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "பாப்பா, இனிமே பழைய மாதிரி மனசுல இருக்கறத சொல்லு" என்றேன். அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா" என்றாள். சீட்டு இல்லாமலேயே திருத்தந்தைக்காக மன்றாடினாள். அடுத்த நாளும் அதுவே. அதற்கடுத்த நாளும். ஜெபத்துக்கு முன்னால் அவள் என் முகத்தைப் பார்க்கிற அந்தப் பார்வை என்னால் தாங்க முடியவில்லை. இவள் இனிமேல் வாயே திறக்க மாட்டாளோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அன்பியம். அன்புக்கரசியின் பெரிய குண்டானில் சோறு, இன்னொன்றில் என்னுடைய மீன் இல்லாத மீன் குழம்பு. அப்பளம் அவளே பொரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எவர்சில்வர் தட்டு தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கோணல் தட்டுகளையே கழுவி அடுக்கினேன்.

ரீட்டா அக்கா வாசலிலேயே மூக்கை இழுத்தார்கள். "ஆகா, மீன் கொழம்பா! வாசன தூக்குது. ஆனா முள்ளுன்னா எனக்கு பயம், அமலா. ஒரு தடவ தொண்டையில மாட்டி உயிரு போயி உயிரு வந்துச்சி."

நான் சிரித்து வைத்தேன். வாழைக்காய் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பட்ட பிறகும் அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை பாருங்கள், அப்படி ஒரு வீம்பு.

மன்றாட்டு நேரம் வந்தது. ரீட்டா அக்கா இந்த முறை பிள்ளைகள் பக்கமே திரும்பவில்லை. இரண்டு மூன்று பெரியவர்கள் சொன்னார்கள். அனிஷா தலையைக் குனிந்து புதுச் செருப்பு இருந்த வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"ஆண்டவரே, எம் மக அன்னிக்கு சொன்னது அத்தனையும் நெசம். ரீட்டா அக்காவ மிஞ்சணும்னுதான் நான் பிரியாணி போட நெனச்சேன். அதுக்காக புள்ளைங்க வாயக் கட்டினேன். சாப்பாட்டுக்கும் கட்டினேன், ஜெபத்துக்கும் கட்டினேன். எம் பொண்ணு கால் கொப்புளிச்சி நடந்தது எனக்குத் தெரியல. என்னை மன்னிக்கணும். அவ பழையபடி உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும். என் மானம் போனாலும் பரவால்ல. ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. போன தடவை மாட்டிக்கொண்டவர்கள் ஆயிற்றே, இதற்குச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்திருப்பார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு சின்னக் குரல், தனியாக, முழுசாகச் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அனிஷாவின் குரல். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு ரீட்டா அக்கா தொண்டையைச் செருமினார்கள். "ஆண்டவரே, நானும் போண்டாவ மிஞ்சணும்னுதான் குருமா வச்சேன். அந்த மாசம் பூரா எங்க வூட்டுக்காரரு மோர் சோறுதான் சாப்புட்டாரு. இனிமே எல்லாரு வூட்லயும் டீயும் பிஸ்கட்டும் போதும்ங்கற மனச எங்களுக்குத் தரணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்." இதற்கு வந்த பதிலில் ஆண்களின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

முடிவு ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்தபோது என் புடவையை யாரோ இழுத்தார்கள். அனிஷா. "அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு, கண்ணு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைக் குவித்துக் கண்ணை இறுக மூடினாள்.

"ஆண்டவரே, புது செருப்புக்கு தாங்க்ஸு. கொழம்புல இருக்கறது மீனு இல்ல, வாழக்கா. எங்கம்மா சொல்ல மறந்துட்டாங்க. ரீட்டா பெரிம்மா முள்ளு தேடித் தேடி நேரத்த ஓட்டாம நல்லா அள்ளி சாப்புடணும்னும், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கணும்னும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

முப்பது பேரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். அதில் என் குரல்தான் தெருமுனை வரைக்கும் கேட்டது என்று சார்லஸ் இன்றைக்கும் கேலி செய்கிறார்.