மூன்றாவது வரிசைச் சாட்சி

கார் சந்துக்குள் நுழையாது. அதனால் காலடிப்பேட்டை முனையிலேயே நிறுத்திவிட்டு டிரைவர் நசீர் ஹாரன் அடித்தான்.

தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சில்வியா கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ, காலில் புதுச் செருப்பு. புருஷன் வேலை செய்யும் யார்டிலிருந்து கார் அனுப்புகிறார்கள், நாள் பூரா மெட்ராஸைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் எழும்பூரில் நாடகத்துக்கும் பாஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற எல்லோரிடமும் முந்தின நாளே சொல்லி முடித்திருந்தாள்.

அவள் பின்னால் வந்த புருஷன் சாவியோவின் முகத்தில் தூக்கமே இல்லை.

அந்தக் கார் எதற்கு வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்கு யார்டில் அவன் சிக்னல்மேன். கிரேனுக்கு மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே நின்று கை காட்டுகிறவன்தான் அவனுக்குக் கண். முந்தாநாள் சாவியோ கை காட்டினான். கிரேன் தூக்கியது. சங்கிலி அறுந்தது. கூட வேலை செய்யும் ஜெயவேலின் காலில் இரும்புச் சுருள் இறங்கியது.

அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்திருந்ததை அன்று காலையிலேயே மேனேஜர் திலீப்பிடம் அவன் காட்டியிருந்தான். இந்த ஒரு ஷிப்ட் ஓட்டு, நாளைக்குப் புதுசு வந்துவிடும் என்றார் திலீப். இப்போது அதே திலீப், ஜெயவேல் குடித்துவிட்டு வந்து சரக்குக்கு அடியில் போய் நின்றான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். விபத்தை விசாரிக்க இன்று யார்டுக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். நேரில் பார்த்த ஒரே ஆள் சாவியோ. அந்த ஒரே ஆள் இன்று யார்டுப் பக்கம் இருக்கக் கூடாது.

"வைஃப கூட்டிட்டு ஜாலியா சுத்திட்டு வா," என்று திலீப் தோளில் கை போட்டுச் சொன்னார். கையை எடுக்காமலே அடுத்ததையும் சொன்னார். "கை காட்டினது நீதான். அத மறந்துடாத. அடுத்த மாசம் உன்னைப் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்கேன். அதையும் மறந்துடாத."

சில்வியாவுக்கு இதில் பர்மனென்ட் மட்டும்தான் தெரியும்.

காரில் ஏறியதும் அவள் நசீரிடம் புருஷனின் பெருமையை ஆரம்பித்தாள். இவரும் நாடகக்காரர்தான். இவர் பிறந்த ராயபுரத்தில், கோயில் மைதானத்தில், வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளின் நாடகம் போடுவார்கள். இவருக்கு மேடையில் இடம் கிடையாது. ஜனங்களோடு ஜனமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார். தீர்ப்புச் சொல்லும் பிலாத்து மேடையிலிருந்து, யாரை விடுதலை செய்யட்டும், இயேசுவையா, திருடன் பரபாஸையா என்று கேட்பான். இவர்தான் முதலில் எழுந்து பரபாஸ் என்று கத்துவார். அப்புறம் மைதானமே கத்தும். கிரேன் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற தொண்டை வேறு யாருக்கு இருக்கிறது?

"அத்தினி வருசமா திருடனுக்குத்தான் ஓட்டு போட்டுகினு கீறாரா?" என்றான் நசீர்.

சில்வியா சிரித்தாள். சாவியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தும் இரண்டு பேரும் மியூசியத்தைப் பார்த்ததில்லை. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த சில்வியா, இது காசிமேட்டில் வந்து இறங்கியிருந்தால் ஏலம் எடுக்க ஆள் பத்தாது என்றாள். நசீர் இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தான். பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் ஒன்று. வெண்கலச் சிலைகள் இருந்த அறை வாசலில் ஒன்று.

மூன்றாவது போட்டோவின்போது சாவியோ கவனித்துவிட்டான். எடுத்த கையோடு நசீரின் கட்டைவிரல் வேகமாக ஓடுகிறது. படம் யாருக்கோ போகிறது.

"யாருக்கு அனுப்புற?"

நசீர் மறைக்கவில்லை. "சார் கேக்குறாரு. எங்க கீறாங்கன்னு இடத்துக்கு இடம் படம் போடணுமாம். நான் இன்னாண்ணே பண்றது? ஓட்டுறது அவரு வண்டி."

அதன் பிறகு எந்தப் படத்திலும் சாவியோ சிரிக்கவில்லை. அவன் சட்டைப் பையில் சைலன்டில் போட்ட போன் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. கையை வைத்து அமுக்கினான். நடக்கும்போது அமுக்கினான், சாப்பிடும்போது அமுக்கினான். ஓட்டலில் பிரியாணியைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டான்.

மெரினாவில் சில்வியா பொறுமை இழந்தாள்.

"இன்னாய்யா அது? காலைலேந்து மாரப் புடிச்சுகினு சுத்துற. எவ அவ?"

"ஒண்ணுமில்ல மே. கம்பெனி போனு."

"கம்பெனி காரே கூட வருது. அப்பறம் கம்பெனி போனு வேறயா?"

அவன் சட்டைப் பைக்குள் கை விட்டு எடுத்துவிட்டாள். திரையில் ஜெயவேல் வூடு என்று இருந்தது. ஆன் செய்து காதில் வைத்தாள்.

மறுபக்கம் ஜெயவேலின் மனைவி கெங்கம்மா. அவள் அழவில்லை, கத்தவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். காலையிலிருந்து யாராவது எடுப்பார்களா என்று அடித்துக்கொண்டே இருந்தவள், எடுத்ததும் நிற்காமல் சொன்னாள். ஜெயவேலின் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். யார்டில் இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, பார்த்த ஆள் லீவில் வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெயவேலிடம் கேட்டு எழுதப் போகிறார். அத்தோடு பைலை மூடிவிடுவார்களாம். குடித்திருந்தான் என்று எழுதிவிட்டால் கம்பெனியிடமிருந்து ஒன்றும் பெயராது.

"உன் வூட்டுக்காரரு எந்த வெளியூருல கீறாரு?" என்று கெங்கம்மா கேட்டாள்.

சில்வியாவுக்குப் பின்னால் அலை அடித்தது. பக்கத்தில் ஒருவன் சோளம் சுட்டுக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்தாள்.

சாவியோ எல்லாவற்றையும் சொன்னான். வளையத்தைக் காட்டியது, திலீப் சொன்னது, இந்தக் கார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்: கை காட்டியது யார் என்பதை. அவள் மணலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கத்துக் கடலில் மணல் கிடையாது, அலை வந்து கருங்கல்லில்தான் மோதும்.

"தெருவுக்கே சொல்லிட்டு வந்தேனேய்யா," என்றாள் கடைசியில். "பட்டு கட்டிகினு வந்தேனே."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் கேட்டான். அவள் கணக்குப் போட்டாள். போனால் வேலை போய்விடும். திலீப் போன்ற ஆள் வேலையோடு விடவும் மாட்டான். அவள் அம்மாவிடம் பர்மனென்ட் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. சின்ன மகளைப் பெரிய ஸ்கூலில் சேர்க்க விண்ணப்பப் பாரம் வாங்கியாகிவிட்டது. நசீர் தூரத்தில் காரில் சாய்ந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயவேலு வாய் இல்லாத ஆளா? அவரு சொல்லட்டும்," என்றாள். சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்க்காமல் நடந்தாள்.

இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். அதற்குப் பிறகு யாரும் போட்டோவுக்கு நிற்கவில்லை. நசீரும் கேட்கவில்லை.

அரங்கத்தில் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. மூன்றாவது வரிசை, நடு நாற்காலிகள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஆறு மணிக்கு மணி அடித்து, திரை விலகியது.

சிரிப்பு நாடகம்தான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நகை காணாமல் போகிறது. வாட்ச்மேன் மேல் பழி விழுகிறது. மொட்டை மாடியில் குடியிருப்பவர்களே கோர்ட் நடத்துகிறார்கள். வாட்ச்மேனுக்கு வாதாட ஒரு ரிட்டயர்டு வக்கீல். அவர் வாயைத் திறந்தாலே அரங்கம் அதிர்ந்தது. சில்வியா கூட ஓர் இடத்தில் தன்னை மறந்து சிரித்துவிட்டு, சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவியோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். அவனுக்கு மேடை தெரிந்தது, வசனம் ஏறவில்லை. ஏழு மணிக்கு வார்டில் என்ன நடக்கும்? ஜெயவேல் மயக்க மருந்தில் உளறுவான். எழுதுகிறவர் எழுதிக்கொள்வார். வாசலில் நசீர் இருப்பான். கதவுக்கு மேலே வெளியே செல்லும் வழி என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எழுந்தால் ஆறு பேர் காலைத் தாண்ட வேண்டும்.

மேடையில் வாட்ச்மேனைக் கயிற்றில் கட்டி நிறுத்தினார்கள். வக்கீல் விளிம்பு வரைக்கும் வந்தார். விளக்கு அவர் முகத்தில் மட்டும் விழுந்தது. சிரிப்பு அடங்கியது. அவர் இருட்டைப் பார்த்து, ஜனங்களைப் பார்த்து, குரலை உயர்த்திக் கேட்டார்.

"இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்களே, நடந்ததைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லையா?"

அந்த அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது வசனம். பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தவர்கள் அவர்கள். மேடையிலிருந்து கேள்வி வந்தால் தரையிலிருந்து பதில் போயாக வேண்டும் என்று பழகியவன் ஒரே ஒருவன்தான் அங்கே இருந்தான். அந்தப் பழக்கம் அவன் புத்தியைக் கேட்கவில்லை. முட்டியைத்தான் கேட்டது.

சாவியோ எழுந்து நின்றான்.

"நான் பாத்தேன்."

கிரேன் சத்தத்தைத் தாண்டுகிற தொண்டை. கடைசி வரிசை வரைக்கும் போய் இடித்துத் திரும்பியது.

 அரங்கமே சிரித்துக் கை தட்டியது. நடிகரை ஜனங்களுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள், பேஷ் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வக்கீல் பழம் தின்று கொட்டை போட்டவர். தடுமாறவில்லை.

"என்ன பார்த்தீர்?"

இதற்கு மைதானத்தில் அவனுக்குப் பாடம் கிடையாது. ஒரு பெயரைக் கத்திவிட்டு உட்கார்ந்துவிடுவதோடு சரி. இப்போது உட்கார முடியவில்லை.

"செயின் அறுந்தத பாத்தேன். காலைலயே வாய் பொளந்து கெடந்த செயினு. ஜெயவேலு குடிக்கல."

கைதட்டல் பாதியில் நின்றது. வாட்ச்மேனாக நடித்தவர் கட்டிய கயிற்றோடு எட்டிப் பார்த்தார். நாடகத்தில் ஜெயவேலும் இல்லை, செயினும் இல்லை. வக்கீல் அவன் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். அது நடிப்பு இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாட்சி போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லலாம்," என்றார்.

அதற்கும் கை தட்டினார்கள்.

சாவியோ ஆறு பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தான். நடைபாதையில்தான் திரும்பிப் பார்த்தான். சில்வியா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் புதுச் செருப்பு.

"ஓடணும்னா இத்த போட்டுகினு ஓட முடியாது," என்றாள்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே கார். நசீர் ஸ்டியரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். நாடகம் முடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வெறுங்காலோடு நிற்கும் சில்வியாவைப் பார்த்தான். சாவியோவின் முகத்தைப் பார்த்தான். அதே நேரம் அவன் போன் அடித்தது.

ஓடினால் பிடிப்பானா, கத்துவானா என்று சாவியோவுக்குத் தெரியவில்லை. நின்றான்.

நசீர் போனை எடுத்தான். கண்ணைக் கண்ணாடிக்கு வெளியே எங்கோ வைத்துக்கொண்டு பேசினான்.

"உள்ளதான் சார் கீறாங்க. நாடகம் நடந்துகினு கீது."

சாவியோ எதிர்ப் பக்கம் கை காட்டினான். ஆட்டோ ஒன்று வளைந்து வந்து நின்றது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றான். ஏறி உட்கார்ந்த பிறகும் சில்வியா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கார் வரவில்லை.

சென்ட்ரல் பக்கம் நெரிசல். பஸ் நகரவில்லை, இவர்களும் நகரவில்லை. சாவியோ முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கினான். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு, பறக்கத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார் ஆட்டோக்காரர்.

"இங்க பாரு," என்றாள் சில்வியா. "அங்க போய் ஒளறாத. வருசா வருசம் பரபாசுக்குக் கத்துன வாயி அது. மொதல்ல எங்கிட்ட ஒயுங்கா சொல்லு. நான்தான் இன்ஸ்பெக்டரு."

அவன் அவளைப் பார்த்தான். பட்டுச் சேலை, வாடிய பூ, மடியில் செருப்பு. அவள் சிரிக்கவில்லை.

"பேரு?"

சொன்னான். எந்த ஊர், என்ன வேலை என்றாள். சொன்னான். செயின் எந்தப் பக்கம் அறுந்தது? முதல் நாள் யாரிடம் காட்டினாய்? முதல் நாள் இல்லை, அன்று காலை என்று திருத்தினான். அப்படித்தான் சொல்ல வேண்டும், நேரம் மாறக் கூடாது என்றாள். ஆட்டோ பாலத்தின் மேல் ஏறியது. தூரத்தில் துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன.

"சரி. ஆபரேட்டருக்கு மேல இருந்து ஒண்ணும் தெரியாது இல்ல? அப்பறம் யாரைப் பாத்து தூக்குனான்?"

சாவியோ துறைமுக விளக்குகள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாருய்யா கை காட்னது?"

ஆட்டோ பாலத்திலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டித் திரும்பியது. பழக்கடை வெளிச்சத்தில் கெங்கம்மா நிற்பது தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டோவாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சில்வியாவின் கை அவன் முழங்கை மேல் விழுந்தது. அவளுக்குப் பதில் புரிந்துவிட்டது. கையை எடுக்கவில்லை.

"இத்தயும் கேப்பாங்க," என்றாள் மெதுவாக. "நான் கேக்கலன்னாலும் கேப்பாங்க. சொல்லு."

"நான்தான்," என்றான் சாவியோ. கிரேன் சத்தத்தைத் தாண்டுகிற அந்தத் தொண்டையிலிருந்து, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்டது.

"இன்னும் சத்தமா."

ஆட்டோ நின்றது. கெங்கம்மா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"நான்தான் கை காட்னேன்," என்று சொல்லிக்கொண்டே சாவியோ இறங்கினான்.