சரிங்க ஐயா என்று கடித்த ஆமை

ஆமைக்கும் கொக்குக்கும் எதற்கு மதப் பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கேட்டு ஆறு நாள் ஆயிற்று, தலைவலி இன்னும் விடவில்லை.

நான் டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுகிறவள். இது குழந்தைகள் சேனலுக்கான கார்ட்டூன். கதை இவ்வளவுதான்: ஒரு குளம், நடுவில் ஒரு பாறை. ஆமைகள் அந்தப் பாறையைச் சாமி என்று கும்பிடுகின்றன. பூசாரி ஒரு கொக்கு. "சாமி முட்டை கேக்குது" என்று வீட்டுக்கு ஒரு முட்டை வாங்கிப் போய், மறைவில் தானே விழுங்குகிறது. ஒரு குட்டி ஆமை மட்டும், "மாட்டேன். சாமி கேக்கல, நீதான் கேக்கற" என்று சொல்லிக் கொக்கின் காலைக் கடித்துவிடுகிறது. கடித்த கையோடு பாறையிடம் போய்க் கும்பிடவும் செய்கிறது.

குட்டி ஆமைக்குக் குரல் கொடுப்பது என் மகள். எட்டு வயது, முதல் படம். மூன்று வாரமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "மாட்டேன், மாட்டேன்" என்று ஒத்திகை. பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சேனலில் வசனத்துக்கு ஒப்புதல் தரும் அலுவலருக்கு நாங்கள் வைத்த பெயர் திருத்தம் சார். மனிதர் படத்தைப் பார்க்கவே மாட்டார். தாளில் இருக்கிற வசனத்தைப் படித்துச் சிவப்பு மையால் அடிப்பார், அவ்வளவுதான். "சாமி" வேண்டாம், மனம் புண்படும் என்றார். "தலைவர்" என்று மாற்றினேன். ஐயையோ, அது இன்னும் ஆபத்து என்றார். "பெரியவர்" என்றேன். பெரியவர்கள் மேல் பிள்ளைகளுக்கு மரியாதை போய்விடுமாம். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார்: "வானிலை". வானிலை முட்டை கேட்கிறதாம்! நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மூன்று நாள் மல்லுக்கட்டிச் சாமியைத் திரும்ப வாங்கினேன். அதற்குப் பதிலாக "மாட்டேன்" போயிற்று.

"எதிர்த்துப் பேசற மாதிரி இருக்கு மேடம். பணிவா 'சரிங்க ஐயா'ன்னு போடுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா, வேற எழுத்தாளர், வேற குரல் வச்சு முடிச்சுக்கறோம்."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒலிப்பதிவு அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் ஸ்டூல் மேல் ஏறி மைக் முன்னால் நின்றாள். வசனம் தொடங்கும் இடத்தில் நான் கையை உயர்த்தி இறக்குவேன், அவள் பேச வேண்டும். உயர்த்தி இறக்கினேன். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மா, சரின்னு சொல்லிட்டு எதுக்குக் கடிக்குது?"

"கடிக்குது. நீ சொல்லு."

"அப்போ இது பொய் சொல்ற ஆமையா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? எழுதியிருக்கறதைப் படி."

"படிக்க மாட்டேன். வேற யாரையாவது வச்சுப் பேசிக்கோங்க."

மூன்று வாரம் ஆசை ஆசையாகக் காத்திருந்த பிள்ளை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு நாள் எரிச்சல் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது.

"சொன்னதைச் செய்! எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

ஒலிப்பதிவு செய்கிற தம்பி மெல்லத் திரும்பினான். "அக்கா, அது கொக்கு வசனம்."

ஆமாம். நாலாம் காட்சி. ஒரு சொல் மாறவில்லை. நானே எழுதியது. எனக்குச் சீ என்று போய்விட்டது.

"சரிடி, மாட்டேன்னே சொல்லு" என்றேன். ஒரே தடவைதான். சொன்னாள் பாருங்கள், தம்பி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டான்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. திருத்தம் சார் தாளைத்தானே பார்ப்பார்? தாளில் "சரிங்க ஐயா" இருந்துவிட்டுப் போகட்டும். படத்தில் "மாட்டேன்" போகட்டும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, அவருக்கு அனுப்ப வேண்டிய தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல இன்னும் சரிங்க ஐயான்னுதானே இருக்கு?"

"அவருக்குத் தாள்ல அப்படி இருந்தாப் போதும். படத்துல நீ சொன்னதுதான் வரும்."

"அப்போ நீயும் சரின்னு சொல்லிட்டுக் கடிக்கிறியாம்மா?"

எட்டு வயதுக்கு இவ்வளவு வாய் ஆகாது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவும் வழியில்லை. தம்பி சட்டென்று ஏதோ ஒயரைச் சரிபார்க்க மேசைக்கடியில் புகுந்துகொண்டான்.

பேனாவை மூடினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. திருத்தம் சார்.

"என்ன மேடம், சொன்னபடி மாத்தி அனுப்பறீங்கதானே?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அதோடு அவள் குரலும் படத்திலிருந்து போகும். மகளைப் பார்த்தேன். அவளுக்கும் அது தெரியும். என் முன்னால் நின்று கையை உயர்த்தினாள், இறக்கினாள்.

"மாட்டேன் சார்" என்றேன்.