படையலில் ஒரு சிகரெட்

கருமாதிப் படையலுக்கு இலையும் பூவும் வாங்க லிட்டில் இந்தியா போனவள், கடைசியில் சிகரெட் கேட்டு நின்றேன். ஒன்று போதும் என்றேன். "ஒத்தையா விக்கக் கூடாதுக்கா, பாக்கெட்தான்" என்றார் கடைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து என் புருஷனின் பாக்கெட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவள் நான். எந்த பிராண்டு என்று கேட்டதும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் துரைசாமிக்கு அந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஒன்றுதான். திட்டினால், "பேருலயே புகைய வச்சுட்டாங்க, புகையிலைய வேற என்ன பண்றதாம்?" என்று சிரிப்பார். வேறு ஒன்றும் செய்வார்தான். எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு வாசலில் தொட்டிக் கறிவேப்பிலையில் பூச்சி பிடித்தால், சிகரெட்டைப் பிரித்துத் தூளை ஊறவைத்துத் தெளிப்பார். பூச்சி செத்துவிடும். பூச்சியைக் கொல்வது உங்களை மட்டும் விட்டுவைக்குமா என்று கத்துவேன். அவர் பற்றவைத்தாலே மகள் யாமினி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுவாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்தி, "சுசீலா, ஒரே ஒரு இழுப்பு லா" என்றார். "வீட்டுக்கு வாங்க, தரேன்" என்றேன். வாழ்நாளில் முதல்முறையாக அப்படிச் சொன்னேன். அவர் வரவில்லை.

கருமாதியன்று அவர் படத்தின் முன் இலையில் வடை, பாயசம், பக்கத்தில் அவருடைய கோப்பி. பாக்கெட்டில் இருந்த நுரையீரல் படம் அவர் கண்ணில் படவேண்டாம் என்று அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மா, சீரியஸா? அப்பாவக் கொன்னதே இதுதான்."

"தெரியும்டி. பிடிச்சதத்தானே வைக்கணும்? நான் தரேன்னு சொல்லிட்டேன்."

"அத வச்சா நான் கும்பிட மாட்டேன்." சோபாவில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்றை உருவி, அவருடைய லைட்டரைக் காட்டினேன். நுனி கருகியதே தவிர பற்றவில்லை. மறுபடியும் காட்டினேன். யாராவது இழுத்தால்தான் பிடிக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

வாயில் வைத்து இழுத்தேன். தொண்டை எரிந்து, இருமல் நிற்கவே இல்லை. இத்தனை வருஷம் இதற்கா இப்படித் தவித்தார் என்று கோபம்கூட வந்தது. ஆனால் வீடெல்லாம் அவர் வாசனை. அழுதுவிட்டேன்.

அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். மேலே ஓடிய ஃபேன் புகையை அவர் பக்கம் போகவிடாமல் கலைத்துக்கொண்டிருந்தது.

யாமினி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.