வடக்கு மாறிய தாள்

மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அண்ணனும் தம்பியும் கூடத்தைக் கடந்தார்கள். பின்னாலேயே இளைய மருமகள் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்துவிட்டுப் போன மனிதரை இப்போது எதற்கு இடம் மாற்ற வேண்டும்? முன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறது, அந்த வாடை அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் மூத்தவர். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு எட்டிப் பார்க்காதவருக்குத் திடீரென்று பொங்கிய கரிசனத்தை அவள் நம்பவில்லை.

"இன்னும் உள்ள தள்ளு," என்றார் தம்பியிடம். "அந்தக் கதவைத் தாண்டட்டும்."

பின்கட்டுக்குப் போகும் கூடத்துக் கதவு நிலைக்குக் கீழே, தரையை ஒட்டி, ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மற்றவர்களுக்கு அது சிந்திய பெயிண்ட். அவள் வேலை பார்ப்பதோ நில வரைபட அலுவலகத்தில். பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கோடு கோடாக இழுத்து, பிறகு யார் எந்த மனையைப் பிரித்தாலும் சேர்த்தாலும் அதில் திருத்திவைப்பதுதான் அங்கே பிழைப்பு. புது எல்லை விழும் இடத்தில் அளக்க வருபவர்கள் இப்படித்தான் புள்ளி வைப்பார்கள்.

போன மாதம் கண் டாக்டரிடம் காட்டுகிறேன் என்று மூத்தவர் அப்பாவைக் காரில் ஏற்றிப் போனார். திரும்பி வந்தவரின் கட்டைவிரலில் இருந்த மையை அத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். கண்ணுக்கு எதற்கு விரலில் மை என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் பின்பக்க ஜன்னலோரம் போய் அலுவலகத் தோழிக்கு போன் செய்தாள். தெருவையும் கதவு எண்ணையும் சொல்லி மனையைத் திறந்து பார்க்கச் சொன்னாள்.

"ரெண்டா பிரிஞ்சிருக்கே," என்றாள் தோழி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோடு போட்டது உன் ஐடிதாண்டி."

எப்படி நடந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வட்டாரத்துப் பழைய தாளில் வடக்கு மேலே இருக்காது. யாரோ தெருவுக்கு ஏற்றபடி தாளைத் திருப்பி வைத்து வரைந்திருந்தார்கள். அப்படியே ஸ்கேன் செய்ததால் எல்லாமே பக்கம் மாறித் தெரியும். வரைகிறவர்களுக்குப் பழைய சர்வே எண்கள் மட்டும்தான் வரும், உரிமையாளர் பெயர் வேறு பிரிவுக்குப் போய்விடும். தான் குடியிருக்கும் வீட்டையே அவள் அடையாளம் தெரியாமல் அறுத்திருந்தாள். முன்பாதிக்குத் தெரு. பின்பாதிக்கு மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். அதைத் தோழிக்குக் காட்டி, "பின்பாதிக்காரன் பறந்துதான் போகணும்" என்று சிரித்ததுகூட நினைவிருந்தது. சிரித்துக்கொண்டேதான் சேமித்தாள்.

அன்றைய கைநாட்டில் மூத்தவர் முன்பாதியை எழுதி வாங்கிவிட்டதைக் கணவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே போனாள். அவன் அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொல்லலாம் என்று அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

மதியம் மாமனார் போய்விட்டார். தினமும் அவளுடைய ஸ்கூட்டரைத் துடைத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவைத்த மனிதர். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதில் பாதி பயம் என்பது அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலம் உடலைத் தூக்கினார்கள். மூத்தவர் கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு இந்த வழியாவே கொண்டு போங்க."

"வேற ஏதுண்ணே வழி?" என்றான் தம்பி. அப்பாவின் பாரம் அவன் தோளில் இருந்தது.

"உன் வீட்டுக்காரிய கேளு. அவளுக்குத் தெரியாமயா அவ ஆபீஸ்ல கோடு போட்டாங்க?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தெரியாது என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் கோடு போட்ட கை அவளுடையது. அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவள் தடுமாறுவதற்குள் முன்னால் இருந்தவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவனும் நடந்தான்.

எல்லோரும் கடந்ததும் கூடத்துக் கதவு அந்தப் பக்கமிருந்து சாத்தப்பட்டது. அத்தை வெறும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டாங்களாம்மா?"

"போயிட்டாங்க அத்தே."

அவள் கதவருகே போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். தள்ளிப் பார்க்கவில்லை.