இரைச்சல் பளிச்சென்று கேட்கும் இடம்

தம்பிக்கு வாத்தியக்காரர்கள் மத்தியில் ‘இடி’ என்று பெயர். கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகாமல் வாசிக்க அவன் கைக்கு மனசு வராது. ஊரையே கூட்டிக்கொண்டிருந்தவன் போன மாதம் காது டாக்டரிடம் போய்விட்டு வந்து, “கொஞ்சம் மந்தமாம், அவ்வளவுதான்” என்றான். அந்த ராட்சசப் பெட்டிக்குப் பக்கத்தில் இனி நிற்காதே, மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் சொன்னதை அம்மாதான் அக்காவிடம் போட்டு உடைத்தாள். மிச்சம் எவ்வளவு என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

அக்கா சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவள். ஒரே ஒரு பாட்டு, அந்த ஆம்ப்பில்தான் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றபோது ஒரு நிபந்தனை போட்டாள். ஆம்ப் உள் அறையில் தனியாக அலறட்டும். அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

“சரி. ஆனா மைக்கை நான்தான் வைப்பேன்” என்றான்.

அதில் ஆபத்தில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். மைக் வைக்கும்போது யாரும் வாசிப்பதில்லை. முழுச் சத்தத்தில் திறந்துவைத்த ஆம்ப் சும்மா இருக்கும்போதும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை மெல்ல நகர்த்த வேண்டும். ஓரத்தில் அந்த இரைச்சல் மங்கும், நடுவை நெருங்க நெருங்கக் கூர்மையாகும். பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, மைக் தாங்கியின் திருகை முடுக்கினால் தீர்ந்தது. மற்றவர்கள் அரை நாள் தடவுவார்கள். இவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு வருவான்.

அன்று, எத்தனை அடியையும் தாங்கும் தடித்த மைக்கை எடுத்துக்கொண்டு உள் அறையில் ஆம்ப் முன்னால் முழங்காலிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அக்காவின் ஸ்பீக்கரில் இரைச்சல் மங்கலாகத் தொடங்கித் தெளிந்தது. இதோ வந்துவிட்டது, நிறுத்துவான் என்று பார்த்தாள். அவன் அந்த இடத்தைக் கடந்து மறு ஓரத்துக்குப் போனான். திரும்பி வந்தான், மறுபடியும் கடந்தான்.

“அக்கா, எங்க வச்சாலும் ஒரே மாதிரி இருக்கு. மைக் போச்சு போல.”

“அந்த ரிப்பன் மைக்கை வச்சுப் பாரு. கொஞ்சம் தள்ளியே வை, காத்து பட்டாலே கிழிஞ்சிடும்.”

வைத்தான். “இதுவும் அப்படித்தான் இருக்கு.”

அக்கா எழுந்தாள். ஹெட்ஃபோனாக இருக்கட்டும், வயராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உள்ளே போய் இரண்டையும் மாற்றினாள். புதியதையும் பழையதையும் தன் காதில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் இரைச்சல் கணீரென்று கேட்டது. அந்தப் பாழாய்ப்போன ஹெட்ஃபோன் ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக் கூடாதா?

திரும்பி வந்து உட்கார்ந்தவள், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, அவன் ஹெட்ஃபோனுக்குப் போகும் மைக் சத்தத்தை அடியோடு அணைத்தாள். இனி அவளுடைய பேச்சைத் தவிர வேறெதுவும் அவனுக்குப் போகாது.

“இப்ப எப்படிடா இருக்கு?”

“அதேதான், உஸ்ஸுன்னு. இரு இரு...” கண்ணை மூடிக்கொண்டு மைக்கை ஒரு விரல் அளவு நகர்த்தினான். “இங்க கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு. இதான் இடம்.”

அது ஆம்ப்பின் இரைச்சல் இல்லை. ராத்திரி பகல் ஓயாமல் அவன் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பது. அதற்குத்தான் இவ்வளவு நேரமும் மைக்கை வைத்துக்கொண்டு இடம் தேடியிருக்கிறான்.

“நல்லா இருக்கா, அக்கா?”

“நீ வெளிய வா.”

“ஏன், உனக்கு எப்படிக் கேக்குது?”

தம்பி ஒன்றும் மடையனில்லை. கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். ஹெட்ஃபோனைக் கழற்றித் தரையில் வைத்தான். ஆம்ப்பின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, குனிந்து, ஸ்பீக்கர் துணிமேல் காதை ஒட்டவைத்தான். மறு காதையும் வைத்துப் பார்த்தான். பிறகு, வெளியே கொண்டுபோக நீள வயரில் ஆம்ப்போடு மாட்டிப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த கிதாரை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

“டேய், வேண்டாம்டா” என்று அக்கா கத்தியது தரையில் கிடந்த ஹெட்ஃபோனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. எழுந்து ஓடினாள். சத்தம் கசியக் கூடாதென்று அவளே பார்த்துப் பார்த்துப் போட்ட கதவுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு. முதல் கதவை இழுக்கும்போதே தரை அதிர்ந்தது. இரண்டாவதைத் திறந்தபோது அவன் மறுபடியும் கம்பிகளை ஓங்கி மீட்டினான். காதை எடுக்கவில்லை.

அவளைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“கேக்குதுக்கா” என்றான். “நல்லாவே கேக்குது. மைக்குதான் போயிடுச்சு.”

இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அக்கா, ஆமாம் என்று தலையாட்டினாள்.